பழைய டேப் ரெக்கார்டர் பாடலையா? ஸ்க்ரூடிரைவர எடுக்கறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிங்க

பரண்ல கெடந்த டூ-இன்-ஒன்ன (ரேடியோவும் டேப்பும் சேந்த பெட்டி) இறக்கி, தூசி தட்டி, ப்ளக்க சொருகி, ப்ளே அமுக்கினா மோட்டார் மட்டும் ங்ங்ங்னு சுத்துது, கேசட் நகர மாட்டேங்குது. இல்ல நகருது, ஆனா பாட்டு கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வருது. இல்லன்னா டேப்ப மென்னு துப்பிடுது. இந்த மூணுல ஒண்ணோடதான் எல்லாரும் பெட்டிய தூக்கிட்டு வர்றாங்க, வந்ததும் கேக்கற மொத கேள்வி "ஐசி (போர்டுல இருக்கற சிப்பு) போயிருக்குமா?"ன்னுதான். அனேகமா போயிருக்காது. முப்பது நாப்பது வருஷம் சும்மா கெடந்த பெட்டில மொதல்ல சாகுறது ரப்பரு, அடுத்தது சுவிட்சு, மூணாவதா கிரீஸ் காஞ்சு போறது. எலக்ட்ரானிக்ஸ் கடைசிலதான். ஆனா நம்மாளுங்க நேரா சால்டரிங் அயர்ன சூடு பண்ணிட்டு உக்காந்துடறாங்க, அதான் பிரச்சனையே.

நான் மெக்கானிக் இல்ல, பொழுதுபோக்கா பண்றவன். இதுல சொல்றது 80கள்ல வந்த சாதா டூ-இன்-ஒன், டபுள் டெக் செட்டு, வீட்டு கேசட் டெக் இதுக்கெல்லாம் பொருந்தும். ஸ்பூல் டேப் பெட்டி வேற சமாச்சாரம், இதுல அத தொடல.

மொதல்ல, அந்த கேசட்ட தள்ளி வைங்க

எந்த கேசட்ட கேக்கறதுக்காக பெட்டிய இறக்குனீங்களோ அத கடைசி வரைக்கும் உள்ள போடாதீங்க. எங்க வீட்ல அது அப்பத்தா பேசி துபாய்க்கு அனுப்புன கேசட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவங்க வீட்ல அப்ப அதான் லெட்டரு. அப்பா ஊருக்கு வரும்போது இந்தப் பெட்டியையும் கொண்டாந்தாரு, பொட்டிக்குள்ள துணி மடிப்புல அந்த கேசட்டயும் கொண்டாந்தாரு. பெட்டி போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம், அந்த கேசட்ட எங்க போய் வாங்க? அதனால டெஸ்ட்டுக்குன்னு போனாலும் பரவால்லங்கற கேசட் நாலு எடுத்து வச்சுக்கோங்க, சி-60 ஆ (ரெண்டு பக்கமும் சேத்து 60 நிமிஷம்) இருந்தா நல்லது. சி-90 டேப்பு அதவிட மெல்லிசு, சி-120 ரொம்ப ரொம்ப மெல்லிசு, கோளாறான பெட்டில போட்டா நூலு மாதிரி சுத்திக்கும்.

கரண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி

பின்னாடி வோல்ட்டேஜ் செலக்டர் இருக்கான்னு பாருங்க. வெளிநாட்டுல இருந்து வந்த பெட்டில 110/220னு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், யாராவது குழந்தைங்க நோண்டி 110ல விட்டிருந்தா நம்ம 230க்கு சொருகின அடுத்த நிமிஷம் டிரான்ஸ்ஃபார்மர் புகைஞ்சிடும். ஜப்பான் நாட்டுக்குள்ள விக்கறதுக்குன்னு செஞ்ச செட்டு 100 வோல்ட்டு மட்டும்தான், செலக்டரே இருக்காது, அதுக்கு தனி டிரான்ஸ்ஃபார்மர் வேணும்.

பேட்டரி பெட்டிய தெறங்க. பழைய கட்டை உள்ளயே ஒழுகி ஸ்பிரிங்கெல்லாம் பச்ச பூத்து போயிருக்கும். சுரண்டி, உப்புத்தாள் போட்டு தேச்சு, ஆல்கஹால்ல தொடச்சு விடுங்க. முடிஞ்சா மொத டெஸ்ட்ட பேட்டரிலயே பண்ணுங்க, ஷாக்கும் இல்ல, பின்னாடி ஊம் சத்தம் வந்தா அது எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்கவும் இது உதவும், அத அப்பறம் சொல்றேன்.

மெயின்ஸ்ல போட்டாதான் ஆகும்னா பழைய மெக்கானிக்குங்க செய்யற மாதிரி சீரீஸ் பல்பு வழியா, அதாவது கரண்ட் ஒரு பல்ப தாண்டி பெட்டிக்கு வர்ற மாதிரி, குடுங்க. 60 வாட் குண்டு பல்பு, எல்இடி இல்ல, ஃபிலமென்ட் இருக்கறது. பல்பு மங்கலா எரிஞ்சா ஓகே, முழுசா பளிச்சுன்னு எரிஞ்சா உள்ள ஷார்ட்டு, உடனே புடுங்கிடுங்க.

தெறந்து, தொடாம, பாருங்க

ஸ்க்ரூவ கழட்டும்போது ஒரு பேப்பர்ல பெட்டி படம் வரைஞ்சு அந்தந்த எடத்துலயே ஸ்க்ரூவ குத்தி வைங்க. ஏன்னா ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டையா இருக்கும், நீளமானத தப்பான எடத்துல போட்டா போர்டையே ஓட்ட போட்டுடும். ஒரு ஸ்க்ரூ எப்பவும் பேட்டரி பெட்டிக்குள்ளயோ கேசட் கதவுக்கு உள்ளயோ ஒளிஞ்சிருக்கும், வரலன்னு இழுத்து ஒடைக்காதீங்க. ஸ்பீக்கர் வயர், ஏரியல் வயர் ரெண்டு பக்கமும் இழுத்துட்டு வரும், ஃபோன்ல நாலு ஃபோட்டோ எடுத்துக்கோங்க.

இப்ப கேசட் இல்லாம ப்ளே அமுக்கி பாருங்க. ரெண்டு விஷயம் நடக்கணும். கேப்ஸ்டன்னு ஒரு மெல்லிய எஃகு கம்பி சுத்தும், ரப்பர் ரோலர் வந்து அது மேல அழுத்தும், இது ரெண்டும் சேந்துதான் டேப்ப இழுக்குது. இன்னொண்ணு, வலது பக்க சக்கரம் சுத்தி இழுத்த டேப்ப சுருட்டிக்கணும். இந்த ரெண்டு வேலையும் புரிஞ்சா பாதி கோளாறு உங்களுக்கே தெரிஞ்சிடும். கேப்ஸ்டன் இழுத்துக்கிட்டே இருக்கு, வலது சக்கரம் சுருட்டலன்னா டேப்பு எங்க போகும்? வெளிய வழிஞ்சு ரோலர்ல சுத்திக்கும். நாம அதத்தான் "டேப்பு சிக்கிடுச்சு"ங்கறோம், சிக்குனது டேப்பு, தப்பு சக்கரத்தோடது. அதே மாதிரி டெக்குல ப்ளே போட்டு ரெண்டு மூணு செகண்டுல தானா ஸ்டாப் ஆகுதுன்னாலும் பயப்பட வேணாம். சக்கரம் சுத்தலன்னு சென்சார் நெனச்சு நிறுத்துது. சில டெக்குல, டேப்பு எவ்ளோ ஓடுச்சுன்னு எண் காட்டற கவுண்டருக்கு போற குட்டி பெல்ட் அறுந்தாக்கூட இதே கத, ஏன்னா சென்சார் அந்த கவுண்டர்லதான் இருக்கும்.

ரப்பர் வேல

மோட்டார் சுத்தறத மத்த சக்கரத்துக்கு கொண்டு போறது ரப்பர் பெல்ட். அது மூணு விதமா கெட்டுப் போகும். தொளதொளன்னு ஆகும், வெறைச்சு முட்டை மாதிரி ஒரு வடிவத்துல நின்னுடும், இல்லன்னா உருகி தார் மாதிரி ஆயிடும். இந்த மூணாவது இருக்கே, அதான் நரகம். கைல பட்டா ரெண்டு நாளைக்கு போகாது, துணில பட்டா எப்பவும் போகாது. கையுறை போட்டுக்கிட்டு, பல்குச்சியால வழிச்சு எடுத்து, மிச்சத்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால தொடைங்க, புல்லி (பெல்ட் ஓடற சக்கரம்) பள்ளத்துல ஒரு துளி கூட இருக்கக் கூடாது. இருந்தா புது பெல்ட் ஒவ்வொரு சுத்துக்கும் அது மேல ஏறி எறங்கி பாட்டு நெளியும்.

புது பெல்ட் அளவு: பழைய பெல்ட்ட வச்சு அளக்காதீங்க, அது ஏற்கனவே நீண்டு போனது. ஒரு நூல எடுத்து பெல்ட் போற வழியிலயே எல்லா புல்லியயும் சுத்தி, நூலோட நீளத்த அளந்து, அதுல 5 சதவீதம் கொறச்சுக்கோங்க. 20 சென்டிமீட்டர் வந்தா 19 வாங்கணும். கடைல விட்டம் கேட்டா 3.14 ஆல வகுத்து சொல்லுங்க. தட்டையா, சதுரமா, எவ்வளவு தடிமன்னும் பாத்துக்கோங்க. சென்னைல ரிச்சி ஸ்ட்ரீட்ல தேடுனா கெடைக்கும், ஆன்லைன்ல பல அளவு கலந்த பாக்கெட்டும் வருது. "டைட்டா இருந்தா நல்லதுதானே"ன்னு சின்னத போட்டீங்கன்னா மோட்டார் தெணறும், கேப்ஸ்டன் பேரிங் ஒரு பக்கமா தேஞ்சிடும்.

ரப்பர் பேண்ட் போடலாமான்னு கேக்கறவங்களுக்கு, போடலாம், மோட்டார் சுத்துதான்னு பாக்க, அவ்ளோதான். பழைய பெல்ட்ட வெந்நீர்ல போட்டு எடுத்தா கொஞ்சம் சுருங்கும், அதுவும் ஒரு வாரத்து கத. புது பெல்ட் வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியாதவங்க பண்ணிக்கலாம்.

பெல்ட் தவிர ஐட்லர்னு ஒரு சின்ன சக்கரம், அதுக்கு டயர் மாதிரி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதுதான் வலதுக்கும் இடதுக்கும் மாறி மாறி போய் சக்கரத்த சுத்த வைக்கும். ஃபார்வர்டு போகுது ரீவைண்டு போகல, பாதி போயி நிக்குதுன்னா அனேகமா இவன்தான். பளபளன்னு வழுக்கையா இருந்தா நைசு உப்புத்தாள்ல லேசா உரசி ஆல்கஹால்ல தொடச்சா கொஞ்ச நாளைக்கு பிடிப்பு வரும். வெடிச்சிருந்தா அதே அளவு ஓ-ரிங் போட்டுடலாம்.

அழுக்கும் எண்ணெயும்

ஹெட் (டேப்ப உரசி பாட்ட எடுக்கறது), கேப்ஸ்டன், ரப்பர் ரோலர் மூணையும் தொடைக்கணும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், இயர் பட், அவ்ளோதான் சாமான். கொரோனா காலத்து ஹேண்ட் சானிடைசர் வேணாம், அதுல கிளிசரின் இருக்கும், பிசுபிசுன்னு படிஞ்சிடும். அந்தக் கால ரிப்பேர் கடைல சி.டி.சின்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, கார்பன் டெட்ராகுளோரைடு, நல்லா தொடைக்கும், கல்லீரலயும் சேத்து தொடச்சிடும், அத தேடிப் போகாதீங்க. ரப்பர் ரோலர்ல பழுப்பு வளையம் படிஞ்சிருக்கும், அது டேப்புல இருந்து உதிர்ந்த ஆக்சைடு, டேப்பு மேல பூசியிருக்கற காந்தத் தூள். பஞ்சு வெள்ளையா வர்ற வரைக்கும் ரோலர சுத்தி சுத்தி தொடைங்க, ஒரு பஞ்சோட முடியாது.

கிரீஸ் காஞ்சு மெழுகு மாதிரி ஆயிருந்தா வழிச்சு எடுத்துட்டு புது வெள்ள கிரீஸ் கடுகளவு வைங்க. கேப்ஸ்டன் பேரிங்குக்கு தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி, ஊசி முனைல தொட்டு. வழிஞ்சத தொடச்சிடணும், ரப்பர்ல எண்ணெய் பட்டா பண்ணின வேலை எல்லாம் போச்சு. டபிள்யூடி-40 ஸ்பிரே அடிக்காதீங்க. தேங்கா எண்ணெயும் வேணாம், சிரிக்காதீங்க, ஒரு பெட்டில நெசமாவே ஊத்தியிருந்தாங்க, சிக்கு வாடை வேற, மார்கழில உறைஞ்சு போயி காலைல மட்டும் ஸ்லோவா பாடுதுன்னு என்கிட்ட கொண்டாந்தாங்க.

சுவிட்ச் வேல, இத யாரும் சொல்றதில்ல

ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடுது, கரகரங்குது, கீஈஈன்னு விசில் அடிக்குது, தட்டுனா சரியாகுது. இதுக்கு ஐசி மாத்தி, கண்டன்சர் (கெப்பாசிட்டர்) மாத்தி, ரெண்டு மாசம் போராடி கடைசில ஒரு சுவிட்சுல முடிஞ்ச கத எனக்கே உண்டு. போர்டுல நீளமா, இருபது முப்பது காலு வச்ச ஒரு ஸ்லைடு சுவிட்ச் இருக்கும், ரெக்கார்டு பட்டன அமுக்குனா அது நகரும். பாட்டு கேக்கும்போதும் சிக்னல் எல்லாம் அது வழியாதான் போகுது. உள்ள வெள்ளி முலாம் கறுத்துப் போயிருக்கும்.

ப்ளக்க புடுங்கிட்டு, கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேவ அந்த சுவிட்ச் ஓட்டை வழியா அடிச்சு, ரெக்கார்டு பட்டன முப்பது நாப்பது தடவ அமுக்கி அமுக்கி விடுங்க. கேசட் இல்லாம ரெக்கார்டு அமுங்காது, கேசட் கூண்டுக்குள்ள பின்னாடி ஒரு சின்ன நாக்கு இருக்கும், அத வெரலால தள்ளிப் பிடிச்சா அமுங்கும். டேப்/ரேடியோ சுவிட்ச், வால்யூம், டோன் எல்லாத்துக்கும் இதே வைத்தியம். அப்பறம் ஹெட்ஃபோன் சாக்கெட். ஹெட்ஃபோன் சொருகுனா ஸ்பீக்கர கட் பண்றதுக்கு உள்ள ஒரு தகடு இருக்கும், அது கறுத்துட்டா ஸ்பீக்கர் ஊமையாயிடும். ஜாக்க ஒரு இருபது தடவ சொருகி எடுங்க, அதுக்கே பல பெட்டி பாடிடும், செலவு ஒரு பைசா இல்ல.

வேகம்

1963ல பிலிப்ஸ் கேசட்ட கொண்டு வந்ததுல இருந்து உலகம் பூரா ஒரே வேகம்தான், செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர். இத வச்சே ஸ்கேல் எடுத்து வேகத்த செக் பண்ணலாம். பாட்டு இருக்கற ஒரு பழைய கேசட் டேப்ப வெளிய இழுத்து, செவத்தோரமா நீட்டி, சரியா 4 மீட்டர் 76 சென்டிமீட்டர் வெட்டி, ரெண்டு முனையிலயும் கேசட் ஆரம்பத்துல வர்ற பாட்டு இல்லாத வெள்ள லீடர் டேப்ப ஒட்டி சுருட்டிடுங்க. போட்டு பாட்டு ஆரம்பிக்கறதுல இருந்து நிக்கற வரைக்கும் ஸ்டாப்வாட்ச்ல பாருங்க. 100 செகண்டு வரணும். 103 வந்தா பெட்டி கிட்டத்தட்ட 3 சதவீதம் ஸ்லோ. சங்கீதம் தெரிஞ்சவங்களுக்கு இன்னொரு கணக்கு, வேகம் 6 சதவீதம் ஏறுனா சுருதி அரைக்கட்டை ஏறிடும், ஒரிஜினல் பாட்ட ஃபோன்ல போட்டு பக்கத்துல வச்சு கேட்டா காதே சொல்லிடும்.

மோட்டார் பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும், உள்ள ஒரு குட்டி ஸ்க்ரூ, அத திருகுனா வேகம் மாறும். சில செட்டுல இது போர்டுல இருக்கும். ஆனா ஸ்லோவா இருக்குன்னா பெல்ட், ரோலர், காஞ்ச பேரிங் எல்லாம் பாத்துட்டுதான் கடைசில இங்க கை வைக்கணும், இல்லன்னா நோய விட்டுட்டு தர்மாமீட்டர திருத்தற கத ஆயிடும். பாட்டு ரொம்ப வேகமா எலி கத்தற மாதிரி ஓடி, ஸ்க்ரூவ திருகியும் மாறலன்னா மோட்டாருக்குள்ள வேகத்த கட்டுப்படுத்தற சர்க்யூட் போச்சு, மோட்டார்தான் மாத்தணும். வாங்கும்போது வோல்ட்டு, சுத்தற திசை, 2400 ஆர்பிஎம், புல்லி அளவு நாலும் ஒத்துப் போகணும். திசை மாத்தி வாங்கிட்டு வயர மட்டும் மாத்திக் குடுத்தா சுத்தாது, உள்ள சர்க்யூட் இருக்கு.

மந்தமா கேக்குதா? ஹெட் ஸ்க்ரூ

தொடச்சும் பாட்டு போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்தா ஹெட்டு டேப்புக்கு நேரா நிக்கல. டெக்குன்னா மொதல்ல டால்பி (டேப்போட இரைச்சல கொறைக்கற வசதி) சுவிட்ச் ஆன்ல இருக்கான்னு பாருங்க, டால்பி இல்லாம பதிஞ்ச கேசட்ட டால்பி போட்டு கேட்டா மந்தமாத்தான் இருக்கும். அது இல்லன்னா ஹெட்டுக்கு ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும், அதுல ஸ்பிரிங் இருக்கற, மேல பெயின்ட் பொட்டு வச்சிருக்கற ஒண்ண மட்டும் தொடணும். மொதல்ல ஸ்க்ரூ எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு ஃபோட்டோ எடுங்க. பாட்டு ஓட ஓட கால் சுத்துக்கும் கம்மியா இப்படி அப்படி திருகுங்க, தாளம், ஜால்ரா, "ஸ" எழுத்து எங்க ரொம்ப கூர்மையா வருதோ அங்க நிறுத்துங்க. ஸ்டீரியோ செட்டுன்னா ரெண்டு பக்க சத்தத்தயும் ஒண்ணா சேத்து மோனோவா கேட்டுக்கிட்டே திருகுனா இன்னும் துல்லியமா தெரியும். காந்தம் ஏறுன ஸ்க்ரூடிரைவர ஹெட் முகத்துக்கிட்ட கொண்டு போகாதீங்க.

எங்க பெட்டிய ஒரு தடவ ஊர்ல ஒரு கடைல குடுத்தோம். அங்க இந்த ஒரு ஸ்க்ரூ இல்ல, கண்ணுல பட்ட அத்தன ஸ்க்ரூவையும் திருகி, ஹெட்டு ஒசரம், சாய்வு எல்லாம் கலைச்சு, "ஹெட்டு தேஞ்சிருச்சு தம்பி"ன்னு சொல்லி குடுத்துட்டாங்க. திரும்ப பழைய நெலமைக்கு கொண்டு வர எனக்கு மூணு ஞாயித்துக்கெழம ஆச்சு. ஹெட்டு தேயும்தான், நகத்தால தடவுனா டேப்பு ஓடுற எடத்துல பள்ளம் தட்டும், எங்க ஹெட்ல அப்படி எதுவும் இல்ல.

இன்னொண்ணு, வீட்ல பதிஞ்ச கேசட்டு அத பதிஞ்ச பெட்டியோட ஹெட்டு எப்படி சாஞ்சிருந்துச்சோ அப்படித்தான் இருக்கும். கடைல வாங்குன கேசட்டுக்கு சரியா செட் பண்ணின ஹெட்டு அதுக்கு தப்பா இருக்கலாம். அந்த ஒரு கேசட்டுக்காக தனியா திருகி, பதிவு பண்ணி முடிச்சுட்டு, பழைய எடத்துக்கு கொண்டு வந்துடுங்க.

இதுக்கும் பாடலன்னா

பேட்டரில ஓடும்போது வால்யூம் கன்ட்ரோலோட நடு காலை ஸ்க்ரூடிரைவர் முனையால தொடுங்க. ஸ்பீக்கர்ல பர்ர்னு சத்தம் வந்தா ஆம்ப்ளிஃபயர் உயிரோட இருக்கு, கோளாறு அதுக்கு முன்னாடி, அதாவது ஹெட்டு, ஹெட் வயர், ஹெட்டோட சின்ன சிக்னல மொதல்ல பெருசாக்கற பிரீஆம்ப் பக்கம். வரலன்னா ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பக்கம். ஒவ்வொரு தடவ ப்ளே அமுக்கும்போதும் ஹெட்டு முன்னாடி பின்னாடி போறதால அந்த மெல்லிசு வயர் சால்டர் வச்ச எடத்துல ஒடையும், ஒரு சேனல் போனா மொத சந்தேகம் அது மேலதான். மல்டிமீட்டர ஓம்ஸ்ல வச்சு ஹெட்ட நேரடியா டெஸ்ட் பண்ணாதீங்க, மீட்டர்ல இருந்து போற கரண்டே ஹெட்டுக்கு காந்தம் ஏத்திடும்.

ஊம் சத்தம்: மெயின்ஸ்ல வருது, பேட்டரில இல்லன்னா பவர் சப்ளைல பெரிய ஃபில்டர் கண்டன்சர் காஞ்சிருக்கும். புதுசு அதே மைக்ரோஃபாரட் அளவுல, அதே வோல்ட்டோ அதுக்கு மேலயோ இருக்கணும், ப்ளஸ் மைனஸ் மாறக் கூடாது. பேட்டரிலயும் உர்ருன்னா ஹெட் வயரோட எர்த் கம்பி விட்டுப் போயிருக்கும். எல்லா கண்டன்சரையும் மொத்தமா மாத்தற பழக்கம் எனக்கு பிடிக்காது, மாத்துன பிறகு பாடலன்னா பழைய கோளாறா நீங்க புதுசா பண்ணினதான்னே தெரியாது. ஒண்ணு மாத்து, கேளு, அடுத்தது.

பழசு மேலயே புது ரெக்கார்டிங் ஏறி ரெண்டும் சேந்து கேட்டா பழச அழிக்கற எரேஸ் ஹெட் அழுக்கு, இல்ல அதுக்கு கரண்ட் குடுக்கற ஆசிலேட்டர் வேல செய்யல. கேக்க மட்டும்தான் போறீங்கன்னா இத விட்டுடலாம்.

இப்ப அந்த கேசட்டு

டெஸ்ட் கேசட் ரெண்டு பக்கமும் முழுசா சிக்காம ஓடுச்சா? அப்பறம்தான் இது. மொதல்ல பின்பக்க மூலைல இருக்கற ரெண்டு பிளாஸ்டிக் நாக்கையும் ஒடச்சு விடுங்க, தப்பித்தவறி ரெக்கார்டு அமுங்காது. ஜன்னல் வழியா டேப்பு சுருள்ல வெள்ள பூஞ்சை தெரிஞ்சா போடாதீங்க, அது ஹெட்டுல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும், தனியா சுத்தம் பண்ணணும், மூக்குல துணி கட்டிக்கோங்க. ஹெட்டு படற எடத்துல உள்ள ஒரு சின்ன ஃபெல்ட் பட்டை ஸ்பிரிங்கோட இருக்கும், அது விழுந்திருந்தா சத்தம் வந்து வந்து போகும். அஞ்சு ஸ்க்ரூ வச்ச கேசட்டுன்னா தெறந்து இன்னொரு கூட்டுக்கு மாத்திடலாம், ஒட்டுன கூடுன்னா கத்தியால பிளக்கணும். டேப்பு அறுந்திருந்தா செல்லோடேப் வேணாம், பசை வழிஞ்சு அடுத்த சுத்துல ஒட்டிக்கும், ஸ்ப்ளைசிங் டேப்புன்னே தனியா விக்குது. உள்பக்கம்தான் ஒட்டணும், வெளிய பாக்கற பக்கம் ஹெட்ல உரசுற பக்கம்.

பென்சில் விட்டு தொளதொளப்ப எடுத்துட்டு, ஒரு தடவ கடைசி வரைக்கும் ஃபார்வர்டு, அப்பறம் ரீவைண்டு. லைன் அவுட் இருந்தா அதுல இருந்து, இல்லன்னா ஹெட்ஃபோன் சாக்கெட்ல இருந்து வால்யூம் கம்மியா வச்சு கம்ப்யூட்டருக்கு குடுத்து மொத ஓட்டத்துலயே பதிவு பண்ணிடுங்க. "ஒரு தடவ கேட்டுட்டு அப்பறம் பதிவு பண்ணலாம்"னு இருக்காதீங்க, ரெண்டாவது ஓட்டம் கெடைக்காமலும் போகலாம். அப்பத்தா கேசட் பி பக்கம் பாதிலயே அறுந்துச்சு, ஆனா அதுவரைக்கும் பதிவாகியிருந்துச்சு, ஒட்டி மிச்சத்தையும் எடுத்தேன், நடுவுல ஒரு வார்த்த மட்டும் இல்ல.

முடிச்சதும் ஸ்டாப் அமுக்கிட்டுதான் கரண்ட நிறுத்தணும். ப்ளேலயே விட்டு அப்படியே பரணுக்கு ஏத்துனா ரப்பர் ரோலர் கேப்ஸ்டன் மேல அழுந்தியே கெடந்து பள்ளம் விழுந்துடும், அப்பறம் ஒவ்வொரு சுத்துக்கும் டொக்கு டொக்குன்னு பாட்டு துள்ளும். பேட்டரியயும் எடுத்துடுங்க.